பரங்கி இல்லை என்று சொன்ன ஓலை: தற்காப்பின் மொழி குறித்துச் சில குறிப்புகள்

1611 வாக்கில் மதுரையில் ஒரு வீட்டு வாசற்கதவில் ஓலை ஒன்று அறையப்பட்டது. அறைந்தவர் இத்தாலியிலிருந்து வந்த ஏசுசபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி. தமிழில் அவருக்குத் தத்துவ போதகர் என்று பெயர். ஓலையின் சாரம் இதுதான்: தான் பரங்கி இல்லை; பரங்கிகளின் நாட்டில் பிறந்தவனுமில்லை, அவர்கள் குலத்தோடு சம்பந்தப்பட்டவனுமில்லை; ரோமாபுரியில் ராஜாக்களுக்கு ஈடான குடும்பத்தில் பிறந்து, இளம்வயதில் துறவு பூண்டு, தேசங்கள் கடந்து வந்த சந்நியாசி; தான் போதிக்கும் வேதம் பரங்கிகளுக்கென்று ஏற்பட்டதில்லை; எந்தக் குலத்தாரும் தம் குலத்தை இழக்காமலே அதைக் கைக்கொள்ளலாம்.

பொதுவில் தன்மேல் விழுந்த பழிக்குப் பொதுவிலேயே எழுதி ஒட்டிய பதில் என்ற வகையில், தமிழ்நாட்டுச் சுவரொட்டிக் கலாச்சாரத்துக்கு இந்த ஓலையைக்கூட ஒரு முன்னோடியாகச் சொல்லிவிடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்று ஒரு எழுத்தாளரோ களப்பணியாளரோ மேடையில் வைத்து அசிங்கப்படுத்தப்பட்டால் அடுத்த வாரம் வெளியிடும் மறுப்பு அறிக்கைக்கும் இந்த ஓலைக்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் யார் என்பதற்கு முன்னால் நான் யார் இல்லை என்பது வந்து நிற்கிறது. அந்த 'இல்லை'யைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நொபிலியை வாசிக்க நம்மிடம் இரண்டு தயார்நிலைச் சட்டகங்கள் உண்டு. ஒன்று திருச்சபை தரும் கதையாடல்: அநியாயமாகத் தூற்றப்பட்ட புண்ணியவான், பொறுமையோடு சிலுவை சுமந்தார், கடைசியில் ரோமாபுரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மற்றது நம்முடைய முகாம்களில் புழங்குவது: பூணூல் போட்டுக்கொண்ட வெள்ளைக்காரர், பார்ப்பனியத்தை ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறக்கிவிட்டவர், வேஷதாரி. இரண்டு தரப்புமே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் ஓலையைக் கையில் எடுக்கின்றன. முதல் தரப்புக்கு அவர்மேல் வந்த எல்லா விமர்சனமும் அவதூறு. இரண்டாவது தரப்புக்கு எல்லா அவதூறும் விமர்சனம். அவதூறையும் விமர்சனத்தையும் பிரித்தெடுக்கிற வேலையை யாரும் செய்வதில்லை. அது சலிப்பான வேலை. யாருக்கும் முழு வெற்றி தராத வேலை.

சம்பவங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நொபிலி 1605இல் கோவாவுக்கு வந்தார், 1606இல் மதுரைக்கு. அங்கே 1595 முதலே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயதான போர்த்துக்கீசிய ஏசுசபையினர் இருந்தார். முன்னாள் சிப்பாய். சர்ச் கட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். அவரைச் சுற்றி இருந்த கிறிஸ்தவர்கள் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரதவர்கள். மதுரைக்காரர்களில் ஒருவர்கூட அவரிடம் வந்து சேரவில்லை. காரணத்தை நொபிலி மொழிக்குள் கண்டுபிடித்தார். கிறிஸ்தவராக விருப்பமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பரங்கி என்றால் போர்த்துக்கீசியன். மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன். அவனோடு சேர்ந்ததால் அந்தப் பெயருக்குள் இழுக்கப்பட்ட கடற்கரைக் கிறிஸ்தவனும்தான். ஒரு மொழிபெயர்ப்பு வேதத்தைச் சாதியாக மாற்றிவிட்டது என்று சொல்லலாம். சாதி ஏற்கெனவே அங்கே இருந்தது, மொழிபெயர்ப்பு அதன் வாசலைத்தான் காட்டிக்கொடுத்தது என்றும் சொல்லலாம்.

1607 வாக்கில் நொபிலி பெர்னாண்டஸிடமிருந்து பிரிந்து தனியே குடியேறினார். காவி, பாதக்குறடு, நெற்றியில் சந்தனம், ஒருவேளைச் சைவச் சோறு, பிராமணச் சமையல்காரர். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். உயர்சாதியார் சிலர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள், குடுமியையும் பூணூலையும் எடுக்காமலே. பிரச்சினை இங்கேதான் வெடித்தது. 1610இல் பெர்னாண்டஸ் சபை மேலிடத்துக்கு நீண்ட புகார் எழுதினார்: இந்த இளைஞர் வேதத்தைப் பரப்பவில்லை, தாமே அஞ்ஞானியாகிக்கொண்டிருக்கிறார், இரண்டு சபைகள் ஒன்றையொன்று அறியாததுபோல ஒரே ஊரில் இருக்கின்றன.

ஆக ஒரே மனிதர்மேல் ஒரே காலத்தில் இரண்டு பழி. ஊர் சொல்கிறது: இவன் வேஷம் போட்ட பரங்கி. சபை சொல்கிறது: இவன் வேஷம் போட்ட கிறிஸ்தவன். முதல் பழிக்குப் பதில் வாசற்கதவில் தமிழில் அறையப்பட்டது. இரண்டாவதற்குப் பதில் லத்தீனில், பக்கம் பக்கமாக, ஒன்பது பத்து வருஷங்கள் எழுதப்பட்டது: 1610இல் ஒரு மறுமொழி, 1613இல் இந்திய வழக்கங்கள் குறித்த விளக்கம், 1619இல் இன்னொரு பெரிய ஆதாரத் தொகுப்பு. ரோமாபுரியில் அவருடைய உறவினர் கர்தினால் பெல்லார்மின். திருச்சபையின் பெரிய இறையியல் மூளைகளில் ஒருவர். அவர் காதுக்கும் வதந்தி போயிற்று. அவரிடமிருந்து மனம் நொந்த கண்டனக் கடிதம் வந்தது. எதிரி சொன்னால் தாங்கிக்கொள்ளலாம், தன் ரத்தமே நம்பிவிட்டதென்றால் என்ன செய்வது? நொபிலியின் விளக்கத்தைப் படித்தபிறகு பெல்லார்மின் மனம் மாறி அவரை ஆதரித்தார் என்பது பின்கதை. இடையில் 1613இல் புதிய மாகாணத் தலைவர் நொபிலியின் முறைகளை மாற்றச் சொல்லி உத்தரவு போட்டார். சில வருஷங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வேலை தடைபட்டது. 1619 பிப்ரவரியில் கோவாவில் பேராயர் கிறிஸ்தோவாவ் தெ சா தலைமையில் கூடிய மாநாட்டில் பெரும்பான்மை அவருக்கு எதிர். ஆதரித்துப் பேசிய கொடுங்ஙல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸும் அவமதிப்பிலிருந்து தப்பவில்லை. பிறகு விவகாரம் லிஸ்பனுக்கும் ரோமாபுரிக்கும் போய், 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி அனுமதி ஆணை பிறப்பித்தார்: பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றை மூடநம்பிக்கைச் சடங்குகள் நீக்கி வைத்துக்கொள்ளலாம்.

பதின்மூன்று வருஷம். இதற்குள் அவர் சபையை விட்டுப் போகவில்லை. பெர்னாண்டஸை ஊருக்குள் இழிவுபடுத்தித் திரியவில்லை. மேலிடம் தடுத்தபோது தடையை ஏற்றுக்கொண்டே வாதாடினார். காவியையும் கழற்றவில்லை, செபத்தையும் விடவில்லை. விசுவாசமும் நேர்மையும் கடுமையாகச் சோதிக்கப்பட்டு நின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அஞ்ஞானியாகிவிட்டார் என்ற குற்றச்சாட்டு சுத்தமான அநியாயம். அதைச் சொல்லத் தயங்குகிற விமர்சனம் மேற்கொண்டு எதையும் சொல்லத் தகுதி இழந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். நம் தோழர்கள் பலரும் இந்த இடத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்.

ஆனால் அவர் எதை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார் என்று பார்க்க வேண்டும். லத்தீன் பிரதிகளின் தர்க்கம் ஒரு வெட்டுக்கோட்டில் நிற்கிறது. இந்நாட்டு வழக்கங்களில் மதச் சடங்கு வேறு, சமூக அடையாளம் வேறு. பூணூல் எந்தத் தெய்வத்துக்கும் உரிய வழிபாட்டுச் சின்னமல்ல, அது குலத்தையும் கல்வியையும் காட்டும் அடையாளம். ஐரோப்பாவில் பிரபு ஒருவர் பிரபுவுக்குரிய உடை போடுவதுபோல. ஆகவே அது பாவமாகாது. இதை நிறுவ அவர் தர்ம சாஸ்திரங்களைப் புரட்டினார், பிராமணர்களிடம் கையொப்பச் சாட்சியம் வாங்கினார். இந்த வகையில் இந்தியச் சமூகத்தை ஐரோப்பாவுக்கு விளக்கிய ஆரம்பப் பிரதிகளில் அவை முக்கியமானவை. இனெஸ் சுபானோவ் 1999இல் வெளியிட்ட 'டிஸ்பியூட்டட் மிஷன்' நூல் இந்தச் சண்டையை விரிவாக ஆராய்கிறது.

கோடு அவரைக் காப்பாற்றியது. கூடவே இன்னொன்றையும் காப்பாற்றியது. சாதி மதம் சார்ந்ததல்ல, வெறும் சமூக ஏற்பாடு என்று ஆகிவிட்டால் வேதம் அதைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. பாவத்தின் பட்டியலிலிருந்து சாதி நழுவிப் போய்விடுகிறது. அவருடைய நேர்மை எந்த வாக்கியத்தின்மேல் நின்றதோ, அதே வாக்கியத்தின்மேல்தான் பிற்காலத் தமிழ்க் கத்தோலிக்கத்தின் சாதியும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தம்மம்பட்டியில் நண்பர்கள் சிலரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மரச்சிற்பப் பட்டறையில் உளி பிடிக்கிற நண்பர் ஒருவர் கேட்டார்: "அதெப்படிங்க, அவரு எழுதுனது பொய்யின்னும் சொல்ல முடியல, நெசம்னு ஒத்துக்கவும் முடியலையே?" உண்மைதான். நொபிலி போர்த்துக்கீசியர் இல்லை. நல்ல குடும்பத்தில் பிறந்தவர். ஓலையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எடுத்துச் சத்தியம் பண்ணலாம். கூட இருந்த இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், கொஞ்சம் சூடாகவே சொன்னார்: "நம்ம பேரைக் கெடுத்தா நான் அவன் இல்லைன்னுதான் சொல்லுவோம். வேற எப்படிச் சொல்லச் சொல்றீங்க?" இந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. இக்கட்டுரை ஏறக்குறைய அதற்கு எழுதப்படுகிற பதில்தான்.

'நான் பரங்கி இல்லை' என்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் பரங்கி என்ற வசையை வசையாகவே விட்டுவைக்கிறது. அதன் நாற்றத்தை ஒத்துக்கொண்டு, அது என்மேல் அடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. அப்போது அந்த வசைக்குள் மிச்சம் இருப்பவர்கள் யார்? போர்த்துக்கீசியனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவனிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தன. மிச்சம் இருந்தவர்கள் பரதவர்கள். 1530களில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்று, எழுபது வருஷங்களுக்கு மேலாக அந்த விசுவாசத்தை உப்புக்காற்றில் வைத்துக் காப்பாற்றியவர்கள். நொபிலியின் மூத்த சகோதரர்கள். கதவில் ஓலை தொங்கியபோது அவர்களில் யாராவது அந்தத் தெருவில் நடந்திருப்பார்கள். ஓலை சொன்ன உண்மைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

பெர்னாண்டஸின் புகாரை இந்தக் கோணத்தில் திரும்ப வாசிக்கலாம். இறையியலில் அவர் தவறு. குறுகிய மனசு, போர்த்துக்கீசிய மமதை, படித்த இளைஞன்மேல் படிக்காத கிழவனின் எரிச்சல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரே ஊரில் இரண்டு சபையா என்ற அவருடைய புலம்பலுக்குள் ஒரு நியாயமான கேள்வி சிக்கிக் கிடந்தது. நற்கருணை ஒன்றாக இருக்கும்போது பந்தி எப்படி இரண்டாகும்? அந்தக் கேள்வி அஞ்ஞானியாகிவிட்டான் என்ற கூச்சலோடு கலந்து வந்தது. நொபிலி கூச்சலைத் தோற்கடித்தார், கேள்வியும் சேர்ந்து தோற்றுப்போயிற்று. அநியாயமான விமர்சனத்தின் உண்மையான கேடு இதுதான் என்று எனக்குப் படுகிறது. தாக்கப்பட்டவரைக் காயப்படுத்துவது ஒருபுறம். அவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியிலிருந்து அவரை விடுவித்தும் விடுகிறது. அவதூறை வென்றவருக்கு விமர்சனத்தையும் வென்றுவிட்டதாகத் தோன்றும். நம் இயக்கங்களில் இதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை.

ரோமாபுரிக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்திருந்தது. 1623 ஆணையில் அனுமதி கொடுத்த கையோடு கிரகோரி ஒரு புத்திமதியும் சேர்க்கிறார்: குலப்பெருமை உள்ளவர்கள், தாழ்ந்தவர் என்று கருதப்படுகிறவர்களை, குறிப்பாகக் கோயிலிலும் வேதம் கேட்கும் இடத்திலும் அருட்சாதனங்கள் பெறும் இடத்திலும், இகழக்கூடாது. அனுமதி நடைமுறையாயிற்று, புத்திமதி தாளில் தங்கிவிட்டது.

அதே 1623இல்தான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். இங்கே கதை நம்ம பக்கம் வருகிறது. தம்மம்பட்டியிலிருந்து கொல்லிமலையைப் பார்த்தால் மலைக்கு அந்தண்டைப் பக்கம் சேந்தமங்கலம். அன்றைக்கு ராமச்சந்திர நாயக்கரின் ஊர். அவர் நொபிலியை மரியாதையாக வரவேற்றார். அங்கிருந்து சேலம். சேலத்தில் யாரும் தங்க இடம் கொடுக்கவில்லை. போகிற வருகிற பரதேசிகள் படுக்கும் பொதுச் சத்திரத்தில், காற்றும் கொசுவும் பிடுங்க, காய்ச்சலோடு நாற்பது நாள் போலக் கிடந்தார். ராஜ குடும்பத்துக்கு ஈடானவர் என்று கதவில் எழுதி ஒட்டியவருக்கு ஒட்ட ஒரு கதவுகூட இல்லை. அந்த நாட்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்து ஒரு அரச குடும்பத்தார் மனம் திரும்பும் கதை காத்திருக்கிறது அல்லவா. சேலத்து நாயக்கரின் அண்ணன், பதவி இழந்திருந்த திருமங்கல நாயக்கர், அவரிடம் வந்து சேர்ந்தார், 1625இல் ஞானஸ்நானம். மோரமங்கலம் புதிய மையமாயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது திருமங்கல நாயக்கர் அல்ல, இதே வட்டாரத்தில் பிறகு வந்த முக்தி உடையான். பறையர் சமூகத்தவர், வள்ளுவப் பண்டாரம், சொந்தச் சீடர்கள் உள்ள குரு. ஞானஸ்நானத்தில் ஹிலாரி என்று பெயர் பெற்று, தன் மக்களிடையே வேதத்தைக் கொண்டுபோனவர். அவரை நொபிலி ஏற்றுக்கொண்டார் என்பது நொபிலிக்குச் சாதகமான சாட்சியம். மேட்டுக்குடியினரை மட்டுமே தேடினார் என்ற நம் வழக்கமான குற்றச்சாட்டு இங்கே இடறுகிறது. ஆனால் பிராமண சந்நியாசியாக வாழ்கிறவர் சேரிக்குப் பகலில் போக முடியாது. மறைவாக, இருட்டியபின் சந்திக்கிற ஏற்பாடுதான் அந்த மிஷனில் நிலைத்தது. பின்னால் 1640இல் இதற்கென்றே பண்டாரசுவாமி என்ற தனிப் பிரிவு உண்டாக்கப்பட்டது. பிராமண சந்நியாசி மேலே, பண்டாரம் கீழே. முக்தி உடையானிடமிருந்து லத்தீனில் ஒரு மறுமொழியோ கதவில் ஒரு ஓலையோ நமக்குக் கிடைக்கவில்லை. வேதத்தை ஏற்றதற்காகத் தன் ஆட்களிடமும் மேல்சாதிகளிடமும் அவர் என்னென்ன வாங்கிக் கட்டியிருப்பார், எப்படித் தன்னைக் காத்துக்கொண்டார்? அவதூறுக்குப் பதில் எழுதுவதற்குக்கூட ஒரு அந்தஸ்து வேண்டியிருக்கிறது.

நொபிலியின் தமிழ் நூல்களில் ஒன்றுக்குப் பெயரே 'தூஷண திக்காரம்'. வேதத்தின்மேல் சுமத்தப்பட்ட தூஷணங்களை மறுக்கும் நூல். அவருடைய ஏடுகளை 1960களில் தூத்துக்குடியிலிருந்து ச. இராசமாணிக்கம் அடிகள் உழைத்துப் பதிப்பித்திராவிட்டால் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. தமிழ் உரைநடை வரலாற்றில் கிடந்து துருவ வேண்டிய பிரதி இது. அதில் பேசுகிற குரல் சபைத் தகராறுகளைத் தாண்டி நிற்கிறது. பழிக்கப்பட்டது தானல்ல, சத்தியம் என்ற நிலையிலிருந்து பேசுகிறது. விசுவாசி ஒருவருக்கு இது பெரிய பலம். தன் பெயரைப் பற்றிய கவலையிலிருந்து அவர் விடுதலையாகிறார். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. என்மேல் வருகிற ஒவ்வொரு கல்லும் சத்தியத்தின்மேல் வருகிற கல் என்று நினைக்கப் பழகிவிட்டால், நியாயமான கல்லும் தூஷணமாகத்தான் தெரியும். 'தூஷணம்' என்ற சொல்லுக்குள் விமர்சனத்துக்கு இடமே கிடையாது. 'திக்காரம்' என்ற சொல்லுக்குள் கேட்டுக்கொள்வதற்கு இடம் கிடையாது. இன்றைய மேற்றிராணிமார் அறிக்கைகளையும், ஏன், நம் கட்சிகளின் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். நானூறு வருஷத்துத் தமிழ் அதே இரண்டு சொற்களில் நின்றுகொண்டிருக்கிறது.

விளைவு எங்கே போய் நின்றது என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. 1704இல் பாண்டிச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன் பிறப்பித்த ஆணை, சாகக்கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட வேண்டியிருந்தது. கட்டளை போடுகிற அளவுக்கு அந்த வாசல் மூடியிருந்தது என்று அர்த்தம். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதி செய்தபோதும், பறையருக்கெனத் தனிக் குருக்கள் என்ற சமரசத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்த சுவரும், 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள்மேல் சக கிறிஸ்தவர்கள் நடத்திய தாக்குதலும் அந்த வெட்டுக்கோட்டின் இந்த முனை. எல்லாவற்றையும் நொபிலி தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். அவர் இல்லாவிட்டாலும் சாதி சர்ச்சுக்குள் வந்திருக்கும். கடற்கரையில் அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது. அவர் கொடுத்தது ஒரு சாக்கு. அதுவும் தன் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் கொடுத்தது.

வேறு எப்படிச் சொல்லச் சொல்றீங்க என்ற நண்பரின் கேள்விக்குத் திரும்புவோம். வேறு மாதிரி சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1992இல் 'கருக்கு' வந்தபோது பாமா கன்னியர் மடத்திலிருந்து வெளியேறியிருந்தார். மடத்துக்குள் சாதி இருக்கிறது என்று எழுதியதற்கு ஒரு தரப்பின் கோபம். ஊரை, தெருவை, சண்டையை, பசியை அப்படியே எழுதியதற்கு சொந்த ஊரின் கோபம். பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. ஊருடைய கோபம் அநியாயமானது, அதே நேரம் புரிந்துகொள்ளக் கூடியதும்: வெளியில் சொல்லி நம்ம மானத்தை வாங்கிட்டாளே. அப்போது அவருக்குச் சுலபமான ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. நான் படித்தவள், ஆசிரியை, அவர்களைப்போல இல்லை என்ற தொனியில் இரண்டு வரி எழுதியிருந்தால் இலக்கிய உலகம் கைதட்டி ஏற்றிருக்கும். அவர் அந்தத் தெருவின் பேச்சுமொழியிலேயே அடுத்த புத்தகங்களையும் எழுதினார். 'சங்கதி' 1994இல் வந்தது. தன்னைத் திட்டியவர்களின் மொழியை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் அவர் கொடுத்த பதில். நாளாவட்டத்தில் ஊரும் அவரை ஏற்றுக்கொண்டது. விசுவாச விஷயத்திலும் 'கருக்கு' கவனமான பிரதி: ஏழைகள் பக்கம் நின்ற ஏசுவைத் தூக்கி எறியவில்லை, அந்த ஏசுவை மறைத்து வைத்த மடத்தைத்தான் கேள்வி கேட்கிறது. பக்தி நூலாக அதை யாரும் அச்சிட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்தவர் நொபிலியின் அதே ஏசுசபையைச் சேர்ந்தவர். ஸ்டேன் சுவாமி 1937இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தார். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும், நக்சலைட் என்று முத்திரை குத்தி அடைக்கப்பட்ட விசாரணைக் கைதிகளுக்காகவும் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டார். எண்பத்து மூன்று வயது, பார்க்கின்சன் நோய், டம்ளர் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாத கை. பயங்கரவாதி, மாவோயிஸ்ட், பாதிரி வேஷத்துச் சதிகாரன் என்று பேசப்பட்டது. 'வேஷம்' என்ற அதே பழைய சொல்.

அவர் மறுத்தார். பீமா கோரேகானுக்குத் தான் போனதே இல்லை என்றார். தன் கணினியில் எடுத்ததாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் தன்னுடையவை இல்லை என்றார். அவர் இறந்தபின், 2022 டிசம்பரில், அந்தக் கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் அறிக்கை கொடுத்தது. ஆகவே பொய்யைப் பொய் என்று சொல்வதில் அவர் தயங்கவில்லை. மௌனமாகச் சகித்துக்கொள்வதுதான் கிறிஸ்தவம் என்று போதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவருடைய மறுப்பின் இலக்கணம் வேறு. கைதுக்கு முன் பதிவு செய்த பேச்சில், தனக்கு நடப்பது தனக்கு மட்டும் நடப்பதில்லை என்று சொல்லி, சிறையிலிருக்கும் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்களோடு தன்னைச் சேர்த்துக்கொண்டார். வெளியில் நல்லெண்ணம் கொண்ட பலர் அவருக்காக வேறு ஒரு ஓலையை எழுதிக்கொண்டிருந்தார்கள்: பாவம் வயசானவர், சாமியார், அந்த மாதிரி ஆள் இல்லை. 'அந்த மாதிரி ஆள்' யார் என்று அவர்கள் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருந்தார். அவர் இத்தனை வருஷம் வழக்கு நடத்தியதே 'அந்த மாதிரி ஆள்' என்று பெயரிடப்பட்டு உள்ளே கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகத்தான். தான் அவர்களைப் போன்றவனில்லை என்று சொன்னால் அவர்கள்மேலுள்ள பழி உறுதியாகிவிடும்.

2021 ஜனவரியில் தலோஜா சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் தன்மேல் சாட்டப்பட்டதற்குப் பதில் எழுத அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. உலகமே வாசிக்கும் என்று அவருக்குத் தெரியும். கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் மற்றக் கைதிகள். தங்கள்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்க்காமல், வக்கீல் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் ஏழைகள். மே மாதம் உயர்நீதிமன்றத்தில் காணொளி வழியாக ஆஜரானபோது, அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம், தன் ஆட்களோடு இருக்க ஜாமீன் கொடுங்கள் என்றுதான் கேட்டார். ஜாமீன் வரவில்லை. ஜூலை 5 அன்று மும்பையில், நீதிமன்ற உத்தரவின்பேரில் சேர்க்கப்பட்டிருந்த தனியார் மருத்துவமனையில், ஜாமீன் மனு விசாரணையில் இருக்கும்போதே இறந்தார்.

இரண்டு ஏசுசபையினரையும் தராசில் நிறுத்திப் பார்ப்பது நியாயமாகாது; நடுவில் நாலு நூற்றாண்டு இருக்கிறது, அம்பேத்கரும் பெரியாரும் இருக்கிறார்கள். நொபிலிக்கு அந்த மொழி கிடைத்திருக்க வழியில்லை என்று ஒருவர் சொல்லலாம். பாதிதான் ஒத்துக்கொள்வேன். நற்கருணையின் ஒரே அப்பம் அவர் கையில் தினமும் இருந்தது. முக்தி உடையான் அவர் முன்னால் வந்து நின்றார். மொழி கிடைக்க அம்பேத்கர் வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் எல்லாருக்கும் இல்லை.

கடைசிக் காலத்தில் நொபிலியை மதுரையிலிருந்து எடுத்து யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பினார்கள். கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. ஒரு குடிசையில், அதே சைவச் சோறும் காவியுமாக, தன் தமிழ் நூல்களைச் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். 1656 ஜனவரி 16 அன்று இறந்தார். மயிலாப்பூர் அன்றைக்குப் போர்த்துக்கீசியர் குடியிருப்பு. பரங்கிகளின் ஊர்.